கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கோளாறு: கண்டறிவது முதல் மாற்றிப் பொருத்துவது வரை

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால், கன்வெர்ட்டரைக் குறை சொல்லும் பி0420 என்ற குறியீடு வருகிறது. உடனே, புகைக்குழாயில் நச்சு வாயுக்களைத் தணிக்கும் அந்தக் கன்வெர்ட்டரைக் கழற்றிப் புதியது போட்டுவிடுகிறார்கள். சில மாதங்கள் ஓடியதும் அதே விளக்கு, அதே குறியீடு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுவே. கன்வெர்ட்டருக்குள் அசையும் பாகம் எதுவும் கிடையாது. எஞ்சின் பெட்ரோலை ஒழுங்காக எரிக்கும் வரை அது எளிதில் கெடுவதில்லை. கெட்டிருந்தால், அதைக் கெடுத்தது எது என்பதையும் சேர்த்தே கண்டுபிடித்தாக வேண்டும். ஆகவே கன்வெர்ட்டரைக் கழற்றும் படிகள் இங்கே கடைசியில்தான் வருகின்றன. வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு சோதனையும் அதற்கு முந்தைய சோதனையின் முடிவை நம்பித்தான் செய்யப்படுகிறது.

இங்கே சொல்லப்படுபவை பெட்ரோலில் ஓடும், ஸ்கேனரைச் செருகுவதற்கான 16 முனை ஓபிடி 2 இணைப்பு உள்ள, மூவழிக் கன்வெர்ட்டர் பொருத்தப்பட்ட கார்களுக்கானவை. டீசல் கார்களில் புகைத்துகள் வடிகட்டி போன்ற வேறு அமைப்புகள் இருப்பதால் அவற்றின் சோதனை முறையும் வேறு.

1. ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) உண்மையில் எதை அளக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

கன்வெர்ட்டருக்குள் தேனடை போன்ற நுண்துளைகள் கொண்ட செராமிக் கட்டை இருக்கிறது. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளன. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே அது வேலை செய்யத் தொடங்கும். அப்போது கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரஜனாக மாறுகின்றன.

பூச்சில் சீரியம் ஆக்சைடும் இருக்கிறது. புகையில் ஆக்சிஜன் மிகும்போது அது சேமித்துக்கொள்கிறது, குறையும்போது வெளிவிடுகிறது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பின்புற ஆக்சிஜன் சென்சார் மூலம் ஈசியூ கணிப்பது இந்தச் சேமிப்புத் திறனை மட்டுமே. நச்சு வாயுக்களை அது நேரடியாக அளப்பதில்லை. பி0420 என்றால் முதல் பேங்கில், அதாவது ஒன்றாம் எண் சிலிண்டர் இருக்கும் பக்கத்தில், அந்தத் திறன் எல்லைக்குக் கீழே இறங்கியதாக ஈசியூ கருதுகிறது என்று பொருள். பி0430 மறுபக்கத்துக்கு உரியது. ஈசியூவின் இந்தக் கணிப்பைப் பிழையாக்கக் கூடியவை பல உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே கன்வெர்ட்டரைக் குறை சொல்ல முடியும்.

2. முன்கூட்டியே தேவைப்படுபவை

குறியீட்டை மட்டும் காட்டும் சிறிய கருவி போதாது. ஓடும் எஞ்சினின் தரவுகளை வரைபடமாகக் காட்டும் ஸ்கேனர் வேண்டும். சென்சார் மின்னழுத்தத்தின் போக்கை எண்களைப் பார்த்து மட்டும் புரிந்துகொள்வது மிகக் கடினம். இதோடு வாக்குவம் கேஜ், ஆக்சிஜன் சென்சார் துளையில் பொருத்தும் அடாப்டருடன் குறைந்த அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ், துளைக்குள் விட்டுப் பார்க்கும் போர்ஸ்கோப் கேமரா, பக்கவாட்டில் வெட்டு உள்ள ஆக்சிஜன் சென்சார் சாக்கெட், டார்க் ரெஞ்ச், துருவை இளக்கும் எண்ணெய், ரப்பர் சுத்தியல் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி மாடலுக்கான சர்வீஸ் கையேடும் கையில் இருக்கட்டும்.

பாதுகாப்பில் மூன்று கட்டாயங்கள் உண்டு. எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் சோதனைகளைத் திறந்த வெளியில் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காரை ஜாக்கின் மேல் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள். உறுதியான தரையில் ஸ்டாண்டுகளின் மேல் இறக்கி, அசைத்துப் பார்த்த பிறகே நுழையுங்கள். கன்வெர்ட்டரின் வெளிச்சுவர் பல நூறு டிகிரி வரை சூடாகும். எஞ்சினை அணைத்துப் பல மணி நேரம் ஆறவிட்ட பின்னரே கழற்றும் வேலையைத் தொடங்குங்கள். உலர்ந்த புல், காய்ந்த இலை இருக்கும் இடத்தில் காரை நிறுத்தி எஞ்சினை ஓடவிடவும் கூடாது.

3. அறிகுறியை வகை பிரியுங்கள்

கன்வெர்ட்டர் கோளாறு எனப்படுவது உண்மையில் நான்கு தனித்தனிக் கோளாறுகள். பூச்சு செயலிழந்திருந்தால் கார் வழக்கம்போல ஓடும். விளக்கு மட்டும் எரியும், புகைச் சோதனையில் தோற்கும். உள்ளே அடைத்திருந்தால் பிக்கப் இருக்காது. ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் ஓர் அளவுக்கு மேல் எஞ்சின் சுற்றாது. மோசமான நிலையில் ஸ்டார்ட் ஆகிச் சில நொடிகளில் நின்றுவிடும். செராமிக் கட்டை உடைந்திருந்தால் கடகடவென்று சத்தம் வரும். உறையிலோ இணைப்பிலோ விரிசல் இருந்தால் புகை கசியும் சத்தம் கேட்கும்.

ஆறிய நிலையில் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கற்கள் உருளுவது போன்ற சத்தம் உள்ளிருந்து வந்தால் கட்டை உடைந்திருக்கிறது. தகரம் அதிர்வது போன்ற மெல்லிய சத்தம் என்றால் முதலில் ஹீட் ஷீல்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி தட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஷீல்டின் போல்ட் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் நல்ல கன்வெர்ட்டரைக் கழற்றியவர்கள் பலர்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பெட்ரோலில் உள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக மாறுவதால் வரும் நாற்றம் அது. பெட்ரோல் அதிகமாகப் பாய்வதைப் பெரும்பாலும் குறிக்கும். ஆனால் பெட்ரோல் நிரப்பிய இடம் மாறினாலே அது நின்றுவிடுவதும் உண்டு.

4. குறியீடுகளை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள்

ஸ்கேனரைச் செருகியவுடன் அழிக்கும் பொத்தானை நாடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குறியீட்டோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவும் சேமிக்கப்பட்டிருக்கும்: கோளாறு பதிவான நொடியில் எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றியது, கூலன்ட் எவ்வளவு சூடாக இருந்தது, ஃப்யூல் டிரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்த அளவு) எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அழித்தால் இந்தச் சான்று போய்விடும். ஈசியூ தன் சோதனைகளை முடித்துவிட்டதாகக் காட்டும் ரெடினஸ் நிலைகளும் கூடவே அழியும்.

வேறு குறியீடுகள் உடன் வந்திருந்தால் பி0420ஐ ஒதுக்கிவைத்து அவற்றை முதலில் கவனியுங்கள். பி0300 வரிசை மிஸ்ஃபயரை, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதைக் குறிக்கும். பி0171, பி0174 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. பி0172, பி0175 என்றால் பெட்ரோல் அதிகம். பி0135, பி0141 ஆகியவை ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் கோளாறு. பி0128 வந்தால் தெர்மோஸ்டாட் திறந்தே நின்று, எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் ஓடுகிறது என்று சந்தேகிக்கலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் கன்வெர்ட்டர் பற்றிய கணிப்பு நம்பத்தக்கதல்ல.

உங்கள் மாடலுக்கு ஈசியூ மென்பொருள் திருத்தம் வந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். நல்ல கன்வெர்ட்டரையே குறை சொல்லும் அளவுக்கு எல்லையைக் கடுமையாக வைத்துவிட்டுப் பிறகு திருத்தம் வெளியிட்ட தயாரிப்பாளர்கள் உண்டு. கன்வெர்ட்டருக்கு உத்தரவாதக் காலம் மீதமிருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் விசாரிக்கலாம். சில நாடுகளில் மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்குத் தனியாக நீண்ட உத்தரவாதம் தரப்படுகிறது.

5. எஞ்சினைச் சரிபாருங்கள்

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான். அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போவதும் இதையேதான்.

ஓட்டும்போது செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோலும் ஆக்சிஜனும் ஒன்றாகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகின்றன; வெப்பநிலை 1000 டிகிரியைக் கடந்தால் பூச்சிலுள்ள உலோகத் துகள்கள் ஒன்றாகத் திரண்டு பரப்பை இழக்கின்றன; 1400 டிகிரியை நெருங்கினால் செராமிக்கே உருகுகிறது. மின்னும் விளக்கோடு ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டினால் கன்வெர்ட்டருக்கு அந்த ஒரு பயணமே போதும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பாருங்கள். எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று அறிய, அதன் காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்துங்கள். மிஸ்ஃபயர் எண்ணிக்கையும் கூடவே நகர்ந்தால் காயில்தான் காரணம். சோதனைக்காக ஒரு சிலிண்டரின் பொறியை நிறுத்தி வைப்பதைத் தவிருங்கள். அதுவும் செயற்கையான மிஸ்ஃபயரே. இக்னிஷன் கோளாறுள்ள காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அப்படித்தான்.

கழற்றிய ஸ்பார்க் பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி துணியின் மேல் அடுக்கி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முனையில் உலர்ந்த கரி கருமையாகப் படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பளபளக்கும் ஈரக் கருப்பு என்றால் அந்தச் சிலிண்டரில் ஆயில் ஏறுகிறது. சாம்பல் நிறத்தில் மேலோடு கட்டியிருந்தால் அது நெடுநாளாக எரிந்த ஆயிலின் எச்சம். மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவியதுபோலச் சுத்தமாக இருந்தால் மகிழ வேண்டாம். அங்கே கூலன்ட் புகுந்து ஆவியாகக் கழுவிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து ஃப்யூல் டிரிம். குறுகிய கால, நீண்ட கால மதிப்புகளைக் கூட்டிப் பாருங்கள். சூடான எஞ்சினில், ஐடிலிங்கிலும் நிமிடத்துக்கு 2500 சுற்றிலும், கூட்டுத்தொகை ஏறக்குறைய கூட்டல் 10 சதவீதத்துக்கும் கழித்தல் 10 சதவீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். ஐடிலிங்கில் மட்டும் கூட்டல் பக்கம் எகிறி 2500 சுற்றில் இயல்பாகிவிட்டால், இன்டேக் பக்கம் எங்கோ காற்று உள்ளே கசிகிறது. வேகம் கூடக் கூட எகிறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்சார் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். கழித்தல் பக்கம் ஆழமாகப் போனால் ஒழுகும் இன்ஜெக்டர், மூடாத பர்ஜ் வால்வு (பெட்ரோல் தொட்டியின் ஆவியை எஞ்சினுக்குள் விடுவது), அதிக பெட்ரோல் அழுத்தம் என்று தேடுங்கள். கழித்தல் பக்கம் நெடுநாள் ஓடிய காரில் கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கலாம்.

6. ஆயிலும் கூலன்ட்டும் குறைகின்றனவா?

எஞ்சின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்படும் பாஸ்பரஸும் துத்தநாகமும் எரிந்தபின் பூச்சின் மேல் படலமாகப் படிந்து வாயுவும் உலோகமும் தொடுவதைத் தடுக்கின்றன. எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்றால் புதிய கன்வெர்ட்டருக்கும் அதே கதிதான். எஞ்சினுள் தேங்கும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் பிசிவி வால்வை முதலில் பாருங்கள்; சரிசெய்ய எளிதான காரணம் அது. பிறகு வால்வு சீல், பிஸ்டன் ரிங் என்று போகலாம்.

கூலன்ட் வெளியில் ஒழுகாமலே குறைந்துகொண்டு வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். கூலன்ட்டில் கலந்துள்ள சிலிக்கேட்டுகள் கன்வெர்ட்டரை மட்டுமல்ல, ஆக்சிஜன் சென்சார்களையும் கெடுக்கின்றன. ரேடியேட்டர் அழுத்தச் சோதனையும், கூலன்ட்டில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் நிறம் மாறும் திரவச் சோதனையும் தெளிவான விடை தரும். எஞ்சினில் சிலிக்கான் பேஸ்ட் பயன்படுத்தும் வேலை முன்பு நடந்திருந்தால், சென்சாருக்குத் தீங்கு செய்யாத வகைதானா என்றும் விசாரியுங்கள்.

7. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் கசிவைத் தேடுங்கள்

கசியும் இடத்தில் புகை வெளியே மட்டும்தான் போகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் எஞ்சினிலிருந்து புகை துடிப்புகளாக வருகிறது. இரண்டு துடிப்புகளுக்கு இடையே குழாயின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும்போது காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த ஆக்சிஜனைக் கண்ட சென்சார் பெட்ரோல் குறைவு என்று தவறாகச் சொல்லும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். கன்வெர்ட்டர் பற்றிய கணக்கும் பிழையாகும். பின்புற சென்சாருக்கு முன்னால் எங்கே கசிவு இருந்தாலும் பி0420 பொய்யாக வரலாம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து முதல் ஓரிரு நிமிடங்களுக்குள் கேளுங்கள். சூடேறியதும் உலோகம் விரிந்து மேனிஃபோல்டு விரிசல் மூடிக்கொள்ளும். பிறகு தேடினால் அகப்படாது. டிக் டிக் என்ற சீரான சத்தம் எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் அது கசிவு. பிறகு எஞ்சினை அணைத்து, ஆறிய நிலையில், காற்றை ஊதும் வாக்குவம் கிளீனரின் குழாயைச் சைலன்சர் முனையில் துணி சுற்றிப் பொருத்தி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளியுங்கள். குமிழி வரும் இடம் கசிவிடம். குழாய்கள் சேரும் ஃப்ளேஞ்ச் ஓரத்தில் விசிறி வடிவில் கரிக்கோடு படிந்திருந்தால் சோப்பு நீரே தேவையில்லை. வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் குழாயையும் விட்டுவிடாதீர்கள். பின்னலுக்குள் கிழிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

8. இரண்டு ஆக்சிஜன் சென்சார்களையும் சேர்த்துப் படியுங்கள்

எஞ்சினை இயல்பான சூட்டுக்குக் கொண்டுவந்து, 2500 சுற்றில் மூன்று நிமிடம் நிறுத்துங்கள். கன்வெர்ட்டர் சூடேறாமல் பார்க்கும் எந்த வரைபடமும் அதைக் கெட்டதாகவே காட்டும்.

முன்புற சென்சார் பழைய வகையாக இருந்தால் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் வேகமாக ஏறி இறங்கும். பின்புறக் கோடு பெரும்பாலும் 0.6 அல்லது 0.7 வோல்ட் அருகில் அமைதியாக நகர வேண்டும். பின்புறக் கோடும் முன்புறத்தோடு சேர்ந்து அதே வேகத்தில் ஏறி இறங்கினால் சேமிப்புத் திறன் போய்விட்டது. முன்புறம் இருப்பது கலவையின் அளவைத் தொடர்ச்சியாக அளக்கும் புதுவகை வைட்பேண்ட் சென்சார் என்றால் இப்படி ஏற்றத்தாழ்வு தெரியாது, அது கோளாறல்ல. அத்தகைய கார்களில் பின்புறக் கோட்டின் நடத்தையைத் தனியாகப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை ஒன்று உண்டு. போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் இன்னொருவர் ஓட்ட, நீங்கள் வரைபடத்தைப் பாருங்கள். வேகமெடுத்து, ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டால் ஈசியூ பெட்ரோலை நிறுத்தும். பின்புற சென்சார் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். மறுபடி ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தும்போது முன்புற சென்சார் உடனே பெட்ரோல் வந்ததைக் காட்டும். நல்ல கன்வெர்ட்டரில் பின்புறக் கோடு சற்றுத் தாமதித்தே எழும். சேமித்த ஆக்சிஜன் தீரும் வரை அது கீழேயே கிடக்கும். இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் எழுந்தால் உள்ளே சேமிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இதே சோதனையில் பின்புற சென்சாரின் நலமும் தெரிந்துவிடும்: பெட்ரோல் நின்றபோது பூஜ்யத்தை நெருங்கி, அழுத்தி வேகமெடுக்கும்போது 0.8 வோல்ட்டைத் தொட்டால் சென்சார் நன்றாகவே இருக்கிறது.

பி0420 வந்ததும் பின்புற சென்சாரை மாற்றிப் பார்ப்போம் என்பது பரவலான யோசனை. அதில் நியாயம் குறைவு. சென்சார் மூப்படைந்தால் அதன் அசைவு மந்தமாகும். மந்தமான கோடு கன்வெர்ட்டரை உள்ளதைவிட நல்லதாகவே காட்டும். ஆகவே சோர்ந்த சென்சார் இந்தக் கோளாறை மறைக்கக் கூடுமே தவிர உண்டாக்குவது அரிது.

வயரிங்கில் அறுந்த இடம் தெரிந்தால் ஈயப்பற்று வைக்காதீர்கள். பல ஜிர்கோனியா சென்சார்கள் ஒப்பீட்டுக்கான காற்றை வயரின் இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாகத்தான் பெறுகின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும்.

9. அடைப்பைச் சோதியுங்கள்

பிக்கப் குறைவு என்ற புகார் இருந்தால் இந்தப் படி கட்டாயம். இன்டேக் மேனிஃபோல்டில் வாக்குவம் கேஜை இணையுங்கள். ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு இயல்பானது. 2500 சுற்றுக்கு ரேஸ் கொடுத்து அப்படியே பிடியுங்கள். முள் முதலில் இறங்கிப் பிறகு நிலைத்து நின்றால் வழி திறந்திருக்கிறது. சிறுகச் சிறுக இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற வழியின்றித் தேங்குகிறது. டைமிங் செயின் நழுவிய எஞ்சினிலும் வாக்குவம் தாழ்வாக இருக்கும் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

உறுதிப்படுத்த, முன்புற ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜைப் பொருத்துங்கள். ஐடிலிங்கில் ஏறத்தாழ 1.25 பிஎஸ்ஐக்குள்ளும், 2500 சுற்றில் 3 பிஎஸ்ஐக்குள்ளும் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் அடைப்பு இருக்கிறது. ஆனால் எங்கே என்பது இன்னும் தெரியாது. கன்வெர்ட்டருக்குப் பின்னாலுள்ள இணைப்பை, எஞ்சின் ஆறிய பிறகு தளர்த்திவிட்டு மறுபடி அளவெடுங்கள். அழுத்தம் குறைந்தால் அடைப்பு சைலன்சரிலோ உட்சுவர் மடிந்த குழாயிலோ இருக்கிறது. குறையவில்லை என்றால் கன்வெர்ட்டரில்தான்.

சென்சார் துளை வழியாகப் போர்ஸ்கோப்பை விட்டுப் பார்ப்பது மனத்துக்கு நிறைவான சான்று. நல்ல கட்டையின் முகத்தில் சிறு சதுரக் கண்கள் வரிசை பிசகாமல் தெரியும். உருகியிருந்தால் நடுப்பகுதியில் கண்கள் மூடி, மெழுகு வழிந்து உறைந்ததுபோல வழவழப்பாக இருக்கும்.

கன்வெர்ட்டரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து ஒப்பிடும் முறையை நான் துணைச் சான்றாக மட்டுமே கொள்கிறேன். எஞ்சின் சுத்தமாக எரிக்கும் இன்றைய கார்களில் இரு பக்கத்து வேறுபாடு சிறிதாகவே இருக்கும். பளபளப்பான உலோகப் பரப்பில் வெப்பமானியும் தவறான அளவு காட்டும்.

10. பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கேஸ்கட், ஃப்ளேஞ்ச், ஹீட் ஷீல்டு, குழாய் விரிசல், சென்சார், வயரிங் ஆகியவற்றைச் சரிசெய்யலாம். கட்டை உருகியோ உடைந்தோ பூச்சு செத்தோ போயிருந்தால் மாற்றுவதே வழி.

பெட்ரோல் தொட்டியில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவங்கள் லேசான கரிப் படிவுக்கு ஓரளவு உதவலாம். திரண்டுபோன உலோகத்தையும் பாஸ்பரஸ் படலத்தையும் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. பின்புற சென்சாரைச் சற்று வெளியே தள்ளி வைக்கும் ஸ்பேசர் கோளாறைச் சரிசெய்வதில்லை, விளக்கை ஏமாற்றுகிறது. உள்கட்டையை இடித்து எடுத்துவிட்டு வெற்று உறையைப் பொருத்துவது பல நாடுகளில் சட்டவிரோதம். அந்தக் காரின் பின்னால் நடந்து போகிற குழந்தையின் மூச்சுக்குள் அந்த நச்சு நேராகப் போகிறது என்பதே இதைச் செய்ய நான் மறுப்பதற்கு முதற்காரணம்.

புதியதை வாங்கும்போது எஞ்சின் குறியீடு, உற்பத்தி ஆண்டு, காருக்கு உரிய மாசு விதிமுறை ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். உலோகப் பூச்சு குறைந்த மலிவான பாகம் அளவில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஈசியூவின் எல்லையைச் சில மாதங்கள்கூடத் தாங்காது.

11. கழற்றுதல்

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். போல்டுகளுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிடுங்கள். காய்ந்த துருவோடு மல்லுக்கட்டினால் ஸ்டட் முறியும், முறிந்த ஸ்டட்டை எடுப்பது கன்வெர்ட்டர் மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

முதலில் சென்சார்களின் கனெக்டர்களைப் பிரித்து, வெட்டுள்ள சாக்கெட்டால் சென்சார்களைக் கழற்றுங்கள். அவற்றைக் கீழே போடக் கூடாது. உள்ளே இருப்பது செராமிக். பிறகு குழாய்க்கும் சைலன்சருக்கும் முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்புற இணைப்பையும் அதன்பின் முன்புற இணைப்பையும் பிரியுங்கள். முட்டு இல்லாமல் பிரித்தால் முழு எடையும் ஃப்ளெக்ஸ் குழாயில் தொங்கி அதைக் கிழிக்கும்.

உடைந்த கன்வெர்ட்டர் என்றால் இங்கே நின்று இரண்டு இடங்களைப் பாருங்கள். பின்னால் சைலன்சருக்குள் செராமிக் துண்டுகள் போயிருக்கலாம். அவற்றை எடுக்காவிட்டால் அடைப்பு தொடரும். கன்வெர்ட்டர் மேனிஃபோல்டோடு ஒட்டியே அமைந்த எஞ்சின்களில் செராமிக் தூள் பின்னோக்கி சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டுச் சுவரைக் கீறியிருக்கவும் கூடும்; சந்தேகமிருந்தால் பிளக் துளை வழியாகப் போர்ஸ்கோப்பால் பார்த்துவிடுங்கள். உறையை வெட்ட நேர்ந்தால் முகமூடி அணியுங்கள். உள்ளே கட்டையைச் சுற்றியிருக்கும் நார்விரிப்பின் தூள் நுரையீரலுக்குக் கேடு.

12. பொருத்துதல்

உறையின் மேலுள்ள அம்புக்குறி புகை போகும் திசையைக் காட்ட வேண்டும். கேஸ்கட், நட், போல்ட் அனைத்தும் புதியனவாக இருக்கட்டும். பழைய கேஸ்கட் ஒருமுறை நசுங்கிய வடிவிலேயே நிற்கும், மறுபடி அடைக்காது. இணைப்பில் பேஸ்ட் பூச வேண்டாம். எல்லா நட்டுகளையும் கையால் முடுக்கிக் குழாய் முழுவதும் இழுவையின்றி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே, முன்னிருந்து பின்னாக, கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள். ஒரு முனையை முழுதாக இறுக்கிவிட்டு மறுமுனையை வலிந்து பொருத்தினால் விரிசலுக்கு வித்திட்டதாகும்.

வெல்டிங் தேவைப்படும் வகையானால் பேட்டரி இணைப்பைக் கழற்றியே வைத்திருங்கள். எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் இடத்துக்கு மிக அருகில் மாட்டுங்கள். மின்னோட்டம் வேறு வழி தேடி ஈசியூவுக்குள் போகக் கூடாது.

மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கப் பூசும் பசை, சென்சாரின் மரையை மட்டுமே தொட வேண்டும். புதிய சென்சார்களில் அது பூசியே வரும். முனையில் பட்டால் சென்சார் கெடும். பல சென்சார்களுக்கு இறுக்க அளவு 40 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். உங்கள் மாடலுக்கான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். வயர் சூடான குழாயைத் தொடாதபடி கிளிப்பில் மாட்டுங்கள். ஹீட் ஷீல்டுகளை மறக்காமல் திரும்பப் பொருத்துங்கள்.

13. முதல் ஓட்டமும் உறுதிப்படுத்தலும்

ஸ்டார்ட் செய்ததும் ரேஸ் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, பிறகு 2500 சுற்றில் சில நிமிடம் பிடியுங்கள். கட்டையைச் சுற்றியுள்ள விரிப்பு மெல்லச் சூடேறி விரிந்தால்தான் கட்டையை இறுக்கிப் பிடிக்கும். குளிர்ந்த நிலையில் அடித்து ஓட்டினால் கட்டை தளரும். முதல் சூட்டில் சிறிது புகையும் வாடையும் வரும். உற்பத்தியின்போது ஒட்டிய எண்ணெய் எரிவது அது. இணைப்புகளில் கசிவு இல்லை என்று மறுபடி பாருங்கள்.

இப்போது குறியீடுகளை அழிக்கலாம். அழித்தவுடன் விளக்கு அணைவது எதையும் நிரூபிக்காது. ஈசியூ கன்வெர்ட்டர் சோதனையை மறுபடி நடத்த வேண்டும். அதற்குக் குளிர்ந்த எஞ்சினிலிருந்து தொடங்கி, சீரான வேகத்தில் இடைவிடாமல் ஓடும் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டும். தேவையான நிபந்தனைகள் மாடலுக்கு மாடல் மாறும். ஸ்கேனரின் ரெடினஸ் பக்கத்தில் கேட்டலிஸ்ட் வரி முடிந்ததாகக் காட்டும் வரை காரை உரிமையாளரிடம் ஒப்படைக்காதீர்கள்.

அந்த வரி முடிந்த பிறகு ஈசியூவின் சோதனை மதிப்புகளைக் காட்டும் மோட் 6 பக்கத்தை ஸ்கேனரில் திறந்து, கன்வெர்ட்டர் சோதனையின் மதிப்பு எல்லையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதே மதிப்பையும் நீண்ட கால ஃப்யூல் டிரிமையும் மீண்டும் எடுத்துப் பாருங்கள். மதிப்பு அதற்குள் எல்லையை நோக்கி நகர்ந்திருந்தால் பழையதைக் கெடுத்த காரணம் இன்னும் எஞ்சினிலேயே இருக்கிறது. விளக்கு எரியும் வரை காத்திராமல் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.